பழைய சாஃப்ட்வேரை இடித்துக் கட்டவா, ஜன்னல் வைத்தால் போதுமா?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அப்பா தொடங்கிய தோல் ஃபினிஷிங் யூனிட்டை இப்போது இவர் நடத்துகிறார். சொந்தமாகத் தோல் வாங்கி விற்பதும் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பதும் உண்டு. 2014-இல் காட்பாடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தார். லாட் (ஒன்றாக வேலை ஓடும் தோல் தொகுதி) பதிவு, எந்த லாட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சதுர அடிக் கணக்கு, டெலிவரி சலான், பில் எல்லாம் இன்றுவரை அதில்தான் ஓடுகிறது. கணக்கர் மேஜைக்கு அடியில், யுபிஎஸ் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர். எழுதிக் கொடுத்தவர் பெங்களூரு போய்விட்டார். கூப்பிட்டால் சில நேரம் எடுக்கிறார்.

இப்போது நாலு பக்கமிருந்தும் நெருக்கடி. "எங்கள் லாட் விவரம் எங்கள் ஈஆர்பி-யில் தானாக வந்து விழ வேண்டும், ஏபிஐ கொடுங்கள்" என்று ஆம்பூர் வாடிக்கையாளர் கேட்கிறார். (ஈஆர்பி என்பது ஒரு கம்பெனியின் ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் சாஃப்ட்வேர். ஏபிஐ என்பது ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழி.) ஒவ்வொரு பில்லையும் ஜிஎஸ்டி-க்காகப் பதியும் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் இன்னொரு தடவை டைப் செய்வதால் தப்பு வருகிறது என்று ஆடிட்டர் கோபிக்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், "நான் ஒரு பாட் எழுதித் தர்றேன் சித்தி, அதுவே ஸ்கிரீனைப் படித்து அனுப்பிவிடும்" என்கிறான். சென்னைக் கம்பெனி ஒன்று எல்லாவற்றையும் புதிதாக எழுத 18 லட்சம், எட்டு மாதம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது.

கடைசியில் மூன்று கேள்விகள். ஏபிஐ கொடுத்தால் என் கம்ப்யூட்டரையே அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகாதா? இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? காசு கொடுத்து எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் என்னுடையதுதானே, யாரை வேண்டுமானாலும் விட்டு மாற்றலாம் அல்லவா?

சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன, கவனித்தீர்களா? ஏபிஐ-க்குப் பயப்படுகிறீர்கள், ஆனால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கொடுக்கத் துணிகிறீர்கள். உண்மை நிலவரம் இதற்கு நேர் எதிர்.

உங்கள் ஸ்டோர் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஜன்னல் அருகே வந்து என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் சீட்டைப் பார்த்து, அவருக்கு உரியதை மட்டும் எடுத்து நீட்டுவார், நோட்டில் எழுதிக்கொள்வார். ஏபிஐ என்பது அந்த ஜன்னல். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஸ்டோர் ரூம் சாவி. படிக்க மட்டும் உரிமை கொடுத்தாலும் ஆம்பூர்க்காரர் உங்கள் எல்லா வாடிக்கையாளரின் விலையையும் படித்துவிடலாம். அது ஒருபக்கம் இருக்க, நாளைக்கு நீங்கள் ஒரு டேபிளின் (டேட்டாபேஸுக்குள் விவரங்களை அடுக்கிவைக்கும் பட்டியல்) பெயரை மாற்றினால்கூட அவர்கள் ஈஆர்பி நின்றுபோகும். பிறகு உங்கள் சொந்த சாஃப்ட்வேரில் கை வைக்கவே அவர்களிடம் அனுமதி கேட்கிற நிலை வரும். அதனால் பாஸ்வேர்டு யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அக்கா மகன் சொல்கிற பாட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஸ்கிரீனைப் படிக்கிற புரோகிராம் பக்கத்தின் தோற்றத்தை நம்பி நிற்கிறது. கணக்கர் கேட்டார் என்று ஒரு நெடுவரிசையை இடம் மாற்றினால், சதுர அடி இருந்த இடத்தில் ரூபாய் போய் உட்காரும். நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, தப்பான எண்ணை அமைதியாக அனுப்பிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. மேலும் அது யாரோ ஒரு ஊழியரின் லாகினில் நுழைய வேண்டும். அந்த ஊழியர் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாம் படுத்துவிடும். ஒரு வாரம் சமாளிக்க வேண்டுமென்றால் பாட் சரி. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க அது உதவாது.

முதலில் போன் கால்களை எழுதுங்கள்

ஏபிஐ என்றதும் எல்லோரும் டேபிள் பட்டியலை விரிக்கிறார்கள். லாட் டேபிளுக்கு ஒன்று, ஆர்டர் டேபிளுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று நாற்பது ஏபிஐ எழுதிவைப்பார்கள், நான்கைத்தான் யாராவது பயன்படுத்துவார்கள். நீங்கள் வேறு மாதிரி தொடங்குங்கள். ஆம்பூரிலிருந்து வரும் போன் கால்களில் என்ன கேட்கிறார்கள் என்று கணக்கரை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "லாட் ஸ்ப்ரே முடிஞ்சுதா?" "அளவு எவ்வளவு வந்தது?" "வண்டி கிளம்பிடுச்சா, சலான் நம்பர் என்ன?" பெரும்பாலும் இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும் என்பது என் ஊகம். அப்படியானால் உங்கள் ஏபிஐ-யும் இந்த மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

ஒரு கேள்வியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆம்பூர் கம்ப்யூட்டர் கேட்கிறது: லாட் 4417 என்ன ஆனது? உங்கள் பக்கத்திலிருந்து இப்படி ஒரு பதில் போக வேண்டும். லாட் 4417, கறுப்பு ஆட்டு நாப்பா தோல், 312 பீஸ், கட்டம் ஸ்ப்ரே, அளவு இன்னும் எடுக்கவில்லை, கடைசியாக மாறிய நேரம் இன்று காலை 11.20. அவ்வளவுதான். இதைப் பெயரும் மதிப்புமாக ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் அனுப்புவார்கள், பெரும்பாலான ஈஆர்பி-கள் அதைப் படித்துக்கொள்ளும்.

அதில் "அளவு இன்னும் எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேனே, அங்கேதான் பழைய சாஃப்ட்வேர்கள் காலை வாரும். உங்கள் ஸ்கிரீனில் அளக்காத லாட்டுக்கு 0 என்று காட்டுகிறதா, பாருங்கள். அந்தக் காலத்துப் புரோகிராம்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் கணக்கருக்கு 0 என்றால் இன்னும் மெஷரிங் மெஷினுக்குப் போகவில்லை என்று தெரியும், அவர் ஆள். ஆம்பூர் ஈஆர்பி ஆள் இல்லை. 0 சதுர அடி வந்தால் தோலே இல்லை என்று எடுத்துக்கொண்டு கட்டிங் பிளானை அது பாட்டுக்கு மாற்றிவிடும். ஆகவே "தெரியாது" என்பதும் "பூஜ்யம்" என்பதும் வேறு வேறாகப் போக வேண்டும். அதேபோல் சதுர அடியா, சதுர மீட்டரா என்பதும் பதிலிலேயே இருக்கட்டும். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. அலகைச் சொல்லாமல் வெறும் எண்ணை அனுப்பினால் என்ன நடக்கும் என்று தோல் வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, கட்டம் என்ற நெடுவரிசையில் உங்கள் ஆட்கள் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். "முடிஞ்சது", "ஓகே", "டன்", "பஷீர் கிட்ட இருக்கு" என்று விதவிதமாக இருக்கும். மனிதர்களுக்குள் இது புரியும். வெளியே அனுப்புவதற்கு முன் பஃபிங், ஸ்ப்ரே, பிளேட்டிங், அளவு, செலக்‌ஷன், பேக்கிங் என்று ஒரு நிலையான பட்டியலை வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி மாற்ற வேண்டும். இதற்கு டெவலப்பர் தேவைப்படுவதைவிட உங்கள் சூப்பர்வைசர்கள்தான் அதிகம் தேவை. ஏபிஐ வேலையில் பாதி இந்த மாதிரி வீட்டைத் துடைக்கிற வேலைதான். கொட்டேஷனில் இது எங்கும் எழுதியிருக்காது.

பார்ப்பது வேறு, பதிவது வேறு

மேலே சொன்ன மூன்றும் பார்க்கிற கேள்விகள். இவற்றுக்குப் பழைய புரோகிராமைத் தொடவே வேண்டாம். அதே டேட்டாபேஸிலிருந்து, ஆம்பூருக்குக் காட்ட வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னப் புது புரோகிராமைத் தனியாக எழுதலாம். வேலை தெரிந்த ஒருவருக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

ஆம்பூர்க்காரர் அடுத்து கேட்கப்போவது, "எங்கள் ஆர்டரையும் நேரடியாக உங்கள் சிஸ்டத்தில் போட்டுவிடுகிறோம்" என்பது. அதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

உங்கள் சலான் பக்கத்தில், ஆர்டர் அளவைத் தாண்டி டெலிவரி போட்டால் "அளவு அதிகம்" என்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்து நிறுத்திவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனை எங்கே நடக்கிறது? 2014-ஐச் சேர்ந்த புரோகிராம்களில் அது பெரும்பாலும் பிரவுசரில், அதற்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் நடக்கும். சர்வருக்கு அந்த விதியே தெரியாது. பக்கம் தடுக்கிறது, அதனால் சர்வர் நம்பி வாங்கிக்கொள்கிறது. ஏபிஐ வழியாக வருகிறவர் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. சிவப்பு எச்சரிக்கையும் இல்லை, நிறுத்தமும் இல்லை. உங்கள் பத்து வருட அனுபவத்தில் சேர்த்த விதிகள் அத்தனையும் தாண்டி ஆர்டர் நேரே உள்ளே போய்விடும்.

இதை வேலை தொடங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். சர்வரின் ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் வைத்து, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, தப்பான அளவில் ஒரு சலான் போடச் சொல்லுங்கள். உள்ளே போய்விட்டால் விதி பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விதியை எடுத்து சர்வருக்குள் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். பழைய பக்கமும் அதையே கேட்க வேண்டும், புதிய ஏபிஐ-யும் அதையே கேட்க வேண்டும். இந்தச் சோதனையை அக்கா மகனிடம் கொடுங்கள். பாட் எழுதுவதைவிட இதில் அவன் அதிகம் கற்றுக்கொள்வான்.

பதிவதில் இன்னொரு சிக்கல் இரட்டைப் பதிவு. ஆம்பூரிலிருந்து ஆர்டர் வருகிறது, நீங்கள் பதிந்துவிட்டீர்கள், "சரி" என்ற பதில் போகும்போது நெட் கட்டாகிவிடுகிறது. பதில் வராததால் அவர்கள் சிஸ்டம் மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏறிவிடும், நீங்களும் இரண்டு லாட் போடுவீர்கள். ஒவ்வொரு ஆர்டரோடும் அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண் கட்டாயம் வர வேண்டும், அதே வாடிக்கையாளரிடமிருந்து அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் முதல் பதிலையே திருப்பித் தர வேண்டும் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. டெவலப்பரிடம் இதைக் கேளுங்கள். உடனே புரிந்து தலையாட்டுகிறவர் நல்லவர். "அதெல்லாம் வராது மேடம்" என்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

அடுத்த கம்பெனி லாட் தெரிந்துவிடுமா?

ஏபிஐ கொடுத்தால் ஒருவர் லாட் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வீண் இல்லை. ஏபிஐ-களில் மிக அதிகமாகக் காணப்படும் ஓட்டையே அதுதான். ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு ஏபிஐ ஆபத்துகளுக்கு 2019-இலும் 2023-இலும் ஒரு பத்துப் பட்டியல் வெளியிட்டது. இரண்டிலும் முதலிடம் இதற்கே. ஆம்பூர்க்காரர் முறையான சாவியோடு (ஜன்னலில் காட்ட நீங்கள் கொடுத்த ரகசிய அடையாளக் குறி, ஸ்டோர் ரூம் சாவி அல்ல) வருகிறார், லாட் 4417 என்று கேட்கிறார், பதில் கிடைக்கிறது. எண்ணை 4418 என்று மாற்றிக் கேட்கிறார். அது வாணியம்பாடிக்காரர் லாட். சாவி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற புரோகிராம் அதையும் கொடுத்துவிடும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாவி, ஒவ்வொரு கேள்விக்கும் "இந்த லாட் இவருடையதுதானா" என்ற சோதனை, இரண்டும் வேண்டும். பிறருடைய லாட்டைக் கேட்டால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றுகூடச் சொல்ல வேண்டாம், "அப்படி ஒரு லாட் இல்லை" என்று சொன்னால் போதும். அனுமதி இல்லை என்று சொன்னாலே அப்படி ஒரு லாட் இருப்பது தெரிந்துவிடுகிறதே. வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே இரண்டு சாவிகளை வாங்கி, ஒன்றை வைத்து மற்றவர் லாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

யார், எப்போது, என்ன கேட்டார் என்ற பதிவும் இருக்கட்டும். நிமிடத்துக்கு இத்தனை கேள்விதான் என்று ஒரு வரம்பும் வையுங்கள். ஆம்பூர் சிஸ்டம் ஏதோ கோளாறில் நொடிக்கு நூறு முறை கேட்க ஆரம்பித்தால் உங்கள் கணக்கரால் பில் போட முடியாமல் போகும்.

பதிலில் விலை வேண்டாம், வேலை செய்தவர் பெயர் வேண்டாம், சூப்பர்வைசர் போன் நம்பர் வேண்டாம். பழைய புரோகிராம்களில் டேபிளை அப்படியே வாரிக் கொடுக்கும் பழக்கம் உண்டு, அதில் எல்லாம் சேர்ந்து போய்விடும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் அளவு யூனிட்டுக்கு அவ்வளவு வராது, பயப்படாதீர்கள். ஆனாலும் கேட்காத ஒன்றை வலியக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்குவானேன்?

மேஜைக்கு அடியில் இருக்கிற சர்வருக்கு வருவோம். அதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடவே கூடாது. 2014-இல் எழுதியது இன்னும் பிஎச்பி 5 வரிசையில்தான் ஓடுகிறது என்றால், அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான 5.6-க்கே பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. அலுவலகத்துக்குள் ஓடும்வரை ஓடட்டும். வெளியே காட்டுவதற்கு ஒரு சிறிய வாடகை சர்வரை எடுத்து, ஆம்பூருக்கு வேண்டிய அந்த ஐந்தாறு விவரங்களை மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உங்கள் பக்கத்திலிருந்து அங்கே தள்ளிவிடுங்கள். ஆம்பூர்க்காரர் அங்கே கேட்டுக்கொள்வார், உங்கள் அலுவலகத்துக்குள் யாரும் வருவதில்லை. கரண்ட் போனாலும் கடைசி நிலவரம் அங்கே இருக்கும். அதனால்தான் பதிலில் "கடைசியாக மாறிய நேரம்" வேண்டும் என்றேன்.

இ-இன்வாய்ஸ்

இதில் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆள். ஏபிஐ அரசாங்கத்தினுடையது, உங்கள் சாஃப்ட்வேர் அங்கே போய்க் கேட்க வேண்டும். 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். தொழில் நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கும் ஏற்றுமதி பில்லுக்கும் பொருந்தும், ஜாப் ஒர்க் கூலி பில்லும் இதில் சேரும். 10 கோடிக்கு மேல் என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் போர்ட்டல் வாங்காது. பதிந்ததை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். ஆடிட்டர் கோபப்படுவது இதனால்தான். தப்பாக டைப் செய்துவிட்டு மூன்றாம் நாள் கண்டுபிடித்தால், போர்ட்டலில் ரத்து செய்ய முடியாது, கிரெடிட் நோட் போடுவது மாதிரிச் சுற்றுவழியில்தான் சரிசெய்ய முடியும்.

முழு ஏபிஐ இணைப்பு வரும்வரை ஒரு நடுவழி இருக்கிறது. போர்ட்டல் கேட்கும் ஜேசன் வடிவத்திலேயே அன்றைய பில்களை ஒரு ஃபைலாக உங்கள் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தால், கணக்கர் அதை மொத்தமாக அப்லோடு செய்துவிடலாம். இரண்டாம் முறை டைப்பிங் அன்றைக்கே போய்விடும். நாளொன்றுக்கு இருபது முப்பது பில் போடுகிற இடத்துக்கு இதுவே வருடக்கணக்கில் போதும் என்பேன். அதற்கு மேல் போனால், ஜிஎஸ்பி எனப்படும் அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியாக நேரடி இணைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலிலிருந்து திரும்பி வரும் ஐஆர்என் என்ற 64 எழுத்து பில் பதிவு எண்ணையும் கியூஆர் கோடையும் சேமிக்க பில் டேபிளில் இப்போதே இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆம்பூரைவிட இதைத்தான் முதலில் செய்வேன். தினமும் வலிக்கிற இடம் இது.

சோர்ஸ் கோடு (புரோகிராமின் மூல எழுத்து) யாருடையது?

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி இல்லாமல் இந்த வேலையில் ஒரு ஒப்பந்தமும் முடிவதில்லை, அதனால் அடிப்படை தெரியும். காசு கொடுத்ததாலேயே பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுக்கு வந்துவிடாது. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் கான்ட்ராக்டில் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எழுதியவருக்கே சொந்தம். மாற்றிக் கொடுப்பது 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அதற்காக உங்கள் கை கட்டப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த வேலைக்காக வாங்கினீர்களோ அதற்காகப் பயன்படுத்தவும், பேக்கப் எடுக்கவும், வேறொரு புரோகிராமோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது அதை எடுத்துக்கொள்ளவும் 52-ஆம் பிரிவு சட்டப்படி வைத்திருப்பவருக்கு இடம் கொடுக்கிறது. டேட்டாபேஸில் இருக்கிற வியாபார விவரம் உங்களுடையது. பார்க்கிற ஏபிஐ தனிப் புரோகிராம் என்பதால் அதில் பிரச்சினை குறைவு. பழைய கோடுக்குள் கை வைத்து விதிகளை இடம் மாற்றும் வேலைக்குத்தான் பழையவரின் சம்மதம் நல்லது.

பிஎச்பி என்பதால் சோர்ஸ் கோடு பெரும்பாலும் உங்கள் சர்வரிலேயே கிடக்கும், கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இருக்காது. ஆகவே அந்தத் தம்பியிடம் நோட்டீஸ் பாஷையில் பேசாதீர்கள். பெங்களூருவிலிருந்து ஊருக்கு வரும்போது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு நியாயமான தொகை, நான்கைந்து நாள் விளக்கம் சொல்ல அவருக்குத் தனிக் கூலி, கால வரம்பு இல்லாமல் முழு உரிமையும் மாற்றிக் கொடுப்பதாக ஒரு பத்திரம். வேலூரிலேயே ஒரு வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அவருக்கும் அந்தப் பழைய கோடு இனி எதற்கும் ஆகப்போவதில்லை. புதிதாக யாரை வைத்தாலும் இந்த வரியை முதல் நாளே ஒப்பந்தத்தில் சேருங்கள்.

அந்த 18 லட்சம்

சென்னைக் கம்பெனி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. முழுதாக எழுதினால் அந்த அளவு ஆகலாம். ஆனால் அவர்கள் கொட்டேஷனில் ஸ்கிரீன்களின் பட்டியல் இருக்கிறது, விதிகளின் பட்டியல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவுக்கும் வாடிக்கையாளர் அளவுக்கும் வித்தியாசம் வந்தால் எத்தனை சதவீதம்வரை விட்டுக்கொடுப்பது, வெட்டுப்பட்ட தோலை எந்தக் கிரேடில் போடுவது, ஜாப் ஒர்க்குக்கு வந்த தோலும் சொந்தத் தோலும் கணக்கில் கலக்காமல் எப்படிப் பிரிப்பது, இதெல்லாம் பத்து வருடமாக யாரும் எழுதிவைக்காமல் அந்தப் பழைய கோடுக்குள் மட்டும் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர் அவற்றை ஒவ்வொன்றாக, உங்கள் நஷ்டத்தில் கண்டுபிடிப்பார்.

புதிதாக எழுதுவதுதான் சரி என்ற நிலையும் உண்டு. டேட்டாபேஸ் கணக்கே அடிக்கடி தப்புகிறது, தொழில் முறையே மாறிவிட்டது, கோடைத் திறந்து பார்த்த இரண்டு பேருமே கும்பிடு போட்டுவிட்டார்கள் என்றால் இடித்துத்தான் கட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. கணக்கு ஒழுங்காக வருகிறது, ஆட்கள் பழகியிருக்கிறார்கள். வெளியோடு பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான் குறை. ஜன்னல் வைத்த பிறகு உள்ளே சலானை ஒரு வருடம், பில்லை அடுத்த வருடம் என்று மாற்றிக்கொண்டு போனால் ஆம்பூர்க்காரருக்கு எதுவும் தெரியப்போவதும் இல்லை. மொபைல் ஆப் வேண்டும் என்று தோன்றினால் அதுவும் அதே ஜன்னலில் கேட்டுக்கொள்ளும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஒரு முறை வெளியே கொடுத்த பெயரையும் அர்த்தத்தையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஏபிஐ-யின் இணைய முகவரியிலேயே முதல் பதிப்பு என்று எண் போட்டுவிடுங்கள். பெரிய மாற்றம் வந்தால் இரண்டாம் பதிப்பு தனியாக ஓடட்டும், பழையது குறைந்தது மூன்று மாதம் கூடவே ஓடட்டும். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்ற விளக்கத்தை ஓபன்ஏபிஐ என்ற பொது வடிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த டெவலப்பர் வரும்போது உங்களை வந்து விசாரிக்க வேண்டியிருக்காது.

எதையும் தொடங்குமுன் டேட்டாபேஸையும் கோடையும் பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டரில் எல்லாம் திரும்ப எழுந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எடுத்து வைத்த பேக்கப் திறக்காமல் போன கதைகள் இந்த ஊரில் நிறைய.

ஆம்பூருக்கு இந்த வாரமே ஒரு பதில் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இப்படி எழுதுங்கள்: லாட் நிலை, அளவு, சலான் மூன்றையும் பார்க்கும் வசதியை முதலில் தருகிறோம், ஆர்டர் பதிவு பிறகு. உங்கள் ஈஆர்பி லாட்டை எங்கள் எண்ணால் கேட்குமா, உங்கள் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண்ணால் கேட்குமா? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்? சதுர அடியில் எத்தனை தசம இடம் வேண்டும்? சோதித்துப் பார்க்க உங்கள் பக்கத்தில் யார் உட்காருவார்? நிலை காட்டுவது தகவலுக்கு மட்டும், டெலிவரி தேதி உறுதி பிஓ-வில் உள்ளபடிதான் என்ற கடைசி வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.